அக்கா பேரில் நூற்றி அறுபது பங்கு

1

இந்தக் கதை எனக்குள் தானாக ஊறி வந்தது என்று சொன்னால் பொய். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் தருகிறோம், எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

கேட்டவர் சர்மிளா. தெஹியோவிட்ட டவுனில் தோட்டத்து ஆட்களுக்காக ஒரு சிக்கனக் கடனுதவிச் சங்கம் இருக்கிறது, அதன் செயலாளர். போன வருடம் மாதம் ஐந்து வீத வட்டி தருவதாகச் சொன்ன ஒருவனிடம் சங்கத்து ஆட்கள் பதினொரு பேர் காசைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள். அதற்குப் பிறகுதான் சர்மிளாவுக்கு ஒரு கையேடு போட வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கிறது. 2009 ஜூலையில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொன்னார்:

"வட்டின்னா என்ன, ரிஸ்க்னா என்ன, ஷெயார்னா என்ன, இந்த மூணும் வரணும் சேர். ஆனா பாடம் மாதிரி இருக்கக் கூடாது, கதையா இருக்கணும். முடிவு நல்லா இருக்கணும்."

நான் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிளாக்கர். ஞாயிறு பத்திரிகைகளில் ஐந்து கதைகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றில் கதாநாயகியின் பெயர் பாதியில் மாறிவிட்டது, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதிலிருந்து வாசகர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது, மன்னிக்க வேண்டும். இது தவிர நான் ஒரு சமாதான நீதவான். அதாவது என்னிடம் ஒரு றப்பர் முத்திரை இருக்கிறது. ஊர் ஆட்களின் சத்தியக் கடதாசிகளில் அதைக் குத்திக் கையெழுத்து வைப்பேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

2

முதல் தொடக்கம்:

"ஒரு றப்பர் தோட்டத்தில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். இருவரிடமும் ஒரே அளவு பங்குகள் இருந்தன. கணவன் அவசரக்காரன், மனைவி பொறுமைசாலி —"

என் மனைவி இராஜம் இதுவரை வாசித்துவிட்டு, "முடிவு தெரிஞ்சிருச்சு, இனி எதுக்கு வாசிக்கணும்?" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டாள். வெட்டிவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"1992இல் அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. சில வருடங்களில் கம்பெனிகளையே விற்றது. விற்கும்போது நூற்றில் பத்துப் பங்கைத் தோட்டத் தொழிலாளருக்கு இலவசமாகப் பிரித்துக் கொடுத்தார்கள்."

இது கதையில்லை, ஆனால் உண்மை, இருக்கட்டும். எங்கள் தோட்டத்தில் (பெயரைக் கேட்காதீர்கள், தெஹியோவிட்டவில் இருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம்) ஆளுக்கு நூற்றி அறுபது பங்கு வந்தது. பங்குப் பத்திரத்தைக் கொடுத்தது ஆபீஸ் ஜன்னல் வழியாக, கொடுத்த கை என்னுடையது. வாங்கியவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர், "இதுக்கு அரிசி எந்தக் கடையில குடுப்பாங்க ஐயா?" என்று கேட்டார். எனக்கும் சரியான பதில் தெரியாது. பத்திரமாக வைத்திருங்கள் என்றேன். ஒன்றும் தெரியாதபோது கிளாக்கர்மார் சொல்வது அதைத்தான்.

1996இல் கொழும்பில் இருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை போட்டு உட்கார்ந்து, ஒரு பங்குக்குப் பன்னிரண்டு ரூபாய் வீதம் எண்ணிக் கொடுத்தார். மூன்று நாளில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்த பத்திரம் எல்லாம் அவருடைய தோல் பைக்குள் போய்விட்டது. றப்பர் மரத்தில் பால் வெட்டும் செல்லத்துரையும் விற்றான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபாய். ஒரு ரேடியோ கெசட் வாங்கினான்.

ஒரே ஒரு பத்திரம் மட்டும் மிஞ்சியது. செல்லத்துரையின் பெண்சாதி ஜீவராணியின் பத்திரம். ஒரே காம்பரா அறையில் ஒருவர் விற்றார், ஒருவர் வைத்திருந்தார். பதின்மூன்று வருடம் கழித்து, போன மே மாதம் யுத்தம் முடிந்தது; பங்குச் சந்தை ஏறத் தொடங்கியது. அந்தப் பங்கு இப்போது முப்பத்தெட்டு ரூபாய். சர்மிளாவுக்கு வேண்டிய கதை இதைவிட வேறு எங்கே கிடைக்கும்?

ஜீவராணியை எனக்குச் சின்ன வயதில் இருந்தே தெரியும். 1968இல் நான் அந்தத் தோட்டத்துக்கு, அன்றாடம் வேலைக்கு வந்தவர்களின் பேரை எழுதும் செக்ரோல் கிளாக்கராக வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அந்த வருடம் நான் —

[இந்த வாக்கியம் கதைக்கு அவசியமில்லை. விட்டுவிட்டேன்.]

3

வட்டியை எழுதலாம்.

வட்டி என்றால் காத்திருக்கிறவனுக்குக் கொடுக்கும் கூலி. உங்கள் காசை இன்னொருவர் வைத்திருக்கிறார், அது இல்லாமல் நீங்கள் சமாளிக்கிறீர்கள், அதற்குக் கூலி. அந்தக் கூலியையும் எடுக்காமல் விட்டால் அடுத்த வருடம் கூலிக்கும் கூலி வரும். கூட்டு வட்டி என்பது அவ்வளவுதான். காசு எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று பார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது: எழுபத்திரண்டை வட்டி வீதத்தால் வகுக்க வேண்டும். பன்னிரண்டு வீதம் என்றால் ஆறு வருடம்.*

* சங்கத்து ஆட்கள் கவனிக்க: மாதம் ஐந்து வீதம் என்றால் ஒரு வருடமும் சில மாதமும்தான். அப்படி இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அவன் உங்களிடம் ஏன் வர வேண்டும் என்று யோசியுங்கள். பாங்குக்கே போய்க் கடன் வாங்கியிருப்பானே.

சும்மா இருக்காமல் செல்லத்துரையின் காசை இந்தக் குறுக்கு வழியில் போட்டுப் பார்த்தேன். அங்கேதான் கதைக்குச் சனி பிடித்தது. 1996இல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதைப் பன்னிரண்டு வீதத்தில் பாங்கில் போட்டிருந்தால் 2002இல் மூவாயிரத்து எண்ணூற்றி நாற்பது. 2008இல் ஏழாயிரத்து அறுநூற்றி எண்பது. இந்த வருடம் எண்ணாயிரத்து அறுநூறு. வைத்திருந்த ஜீவராணியின் பங்கோ இன்றைய விலைக்கு ஆறாயிரத்து எண்பது.

விற்றவன் ஜெயித்துவிட்டான்! அல்லது ஜெயித்திருப்பான், ரேடியோ வாங்காமல் இருந்திருந்தால். அதையும் செல்லத்துரையிடம் சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் பாட்டுக் கேட்டேன் ஐயா, அதுக்கு வட்டி போடுங்க என்றான். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

சர்மிளாவுக்கு போன் பண்ணி, பொறுமைக்குப் பலன் என்ற பாடம் கணக்கில் நிற்கவில்லை என்றேன். பங்கிலாபம் வந்திருக்குமே, அதைக் கூட்டினீர்களா என்று கேட்டார். கெட்டிக்காரப் பிள்ளை. பங்கிலாபம் என்பது கம்பெனி லாபம் பார்த்த வருடத்தில் ஒவ்வொரு பங்குக்கும் கொடுக்கும் காசு. அதை நான் கூட்டவில்லை. கேட்டுவிட்டு வரலாம் என்று தோட்டத்துக்குப் போனேன்.

4

ஞாயிற்றுக்கிழமை. ஜீவராணி லயத்துக்குப் பின்னால் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். மாடு அவளுடையதில்லை, மேற்பிரிவில் ஒருவருடையது, வாரத்துக்கு விட்டிருக்கிறார். தெரியாதவர்களுக்காக: மாட்டுக்காரர் மாட்டை இன்னொருவரிடம் வளர்க்கக் கொடுப்பார். வளர்க்கிறவர் பாலை எடுத்துக்கொள்ளலாம். முதல் கன்று ஒருவருக்கு, அடுத்த கன்று மற்றவருக்கு. மாட்டை விற்றால் ஆளுக்குப் பாதி.

நான் ஷெயார் என்று தொடங்கினேன். கொழும்பு, கம்பெனி, முதலீடு என்று ஒரு பத்து நிமிடம் பேசியிருப்பேன். அவள் கேட்டுக்கொண்டே புல்லை உதறினாள். பிறகு சொன்னாள்:

"வாரத்து மாடுதானே ஐயா. நம்ம மாட்ட கம்பெனிகிட்ட விட்டிருக்கோம். கன்னு போட்டா நமக்கு ஒண்ணு வரணும். மலட்டு மாடா போனா ஒண்ணும் இல்ல. செத்துட்டா அதுவும் போச்சு."

மூன்று நாளாக நான் மண்டையை உடைத்துக்கொண்ட பங்கும், ரிஸ்க் என்ற இடரும் நான்கு வரியில் முடிந்துவிட்டன. ஆயிரத்து ஐந்நூறை அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கன்று வந்ததா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின் கொண்டு வந்தாள். அதில் பங்குப் பத்திரம் இருந்தது. அதன் கீழே ஒன்பது காசோலைகள். நூற்றி அறுபது ரூபாய், இருநூற்றி நாற்பது ரூபாய் என்று சின்னச் சின்னக் காசோலைகள். ஒன்றுகூட மாற்றப்படவில்லை. காசோலைக்கு ஆறு மாதம்தான் உயிர். ஒன்பதும் செத்துப் போயிருந்தன.

ஏன் மாற்றவில்லை என்று கேட்பதற்கு முன்னால் அதில் இருந்த பெயரைப் பார்த்தேன். சுப்பம்மா.

"நீங்க என்னைய பொறுமைசாலின்னு எழுதப் போறீங்களாமே. பொறுமையும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. அவரு விக்கப் போன அன்னைக்கே நானும் போனேன். பொறப்பு சேட்டிபிகட் கேட்டாங்க. அதுல ஜீவராணி. பத்திரத்துல எங்க அக்கா பேரு. திருப்பி அனுப்பிட்டாங்க."

சுப்பம்மா அவளுக்கு ஆறு வயது மூத்த அக்கா. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவள். 1968இல் கல்யாணம் முடித்து, புருஷன் வீட்டாரோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டாள். தகப்பன் இல்லை, தாய் படுக்கையில். காம்பராவில் பேர் பதிந்த ஆள் ஒருவராவது இல்லையென்றால் காம்பராவை விட வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பதிய முடியாது. அதனால் அக்காவின் பேரிலேயே தங்கை வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில் எந்தத் தோட்டத்திலும் இப்படி நாலைந்து பேர் இருப்பார்கள். வயது வந்ததும் பேரை மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள், ஒருவரும் மாற்றமாட்டார்கள்.

அக்கா இப்போது கூடலூர்ப் பக்கம் இருக்கிறாளாம். தீபாவளிக்குத் தீபாவளி போன் வரும். எடுத்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "என் பேர்ல இன்னும் பால் வெட்டுறியாடி?" என்பதுதானாம். சொல்லிவிட்டு ஜீவராணி சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கதை போய்விட்டதே என்ற எரிச்சல் எனக்கு.

5

மூன்றாவது வரைவில் அக்காவை எடுத்துவிட்டேன்.

ஒரு கையேட்டுக் கதையில் இரண்டு பெண்கள் எதற்கு? ஒருத்தி காட்சிக்கே வராமல் இந்தியாவில் உட்கார்ந்திருக்கிறாள். வாசகருக்குக் குழப்பம். சர்மிளாவும் அதையே சொன்னார். ஆகவே சுப்பம்மாவின் பேரையும் ஜீவராணியின் உடம்பையும் சேர்த்து ஒரே பாத்திரமாக்கினேன். அவள் பொறுமையோடு பத்திரத்தை வைத்திருந்தாள். காசோலைகளை ஒவ்வொரு முறையும் பாங்கில் போட்டாள். அதற்கும் வட்டி சேர்ந்தது. கடைசியில் நல்ல விலைக்கு விற்று —

மிகச் சுலபமாக வந்தது. ஒரு மணி நேரத்தில் நான்கு பக்கம். இரண்டு பேரை ஒருவராக்குவது கதை எழுதுகிறவனுக்குப் பெரிய வேலையே இல்லை. நான் அதில் பழகினவன் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

இராஜம் வாசித்துவிட்டு நல்லா இருக்கு என்றாள். பிறகு, "இது யாருங்க? இப்படி ஒருத்திய நான் இங்க பார்த்ததே இல்லையே" என்றாள். ஆயிரத்து ஐந்நூறுக்கு இது போதும் என்று உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

6

உறையைத் தபாலில் சேர்க்க வேண்டிய அன்று காலை ஜீவராணி வீட்டுக்கு வந்தாள். கையில் பொலித்தீன் பைக்குள் இரண்டு தாள்.

முதலாவது தோட்டத்து ஆபீஸ் கடிதம். 'சுப்பம்மா' என்ற தொழிலாளிக்கு அறுபது வயது பூர்த்தியாவதால் ஆகஸ்ட் முப்பத்தோராம் திகதியோடு ஓய்வு. ஜீவராணிக்கு வயது ஐம்பத்து நான்கு. இன்றைக்கும் காலையில் முந்நூறு மரத்தில் பால் வெட்டிவிட்டு வாளியைத் தலையில் வைத்து இறங்கி வருகிறவள். அக்காவின் வயதில் அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

ஆறு வருடம். எழுபத்திரண்டைப் பன்னிரண்டால் வகுத்தபோது வந்த அதே ஆறு.*

* முதலில் இந்த இடத்தில், ஆறு வருடத்தில் அவளுடைய சேமலாப நிதி இரட்டிப்பாகும், அதை இழக்கிறாள் என்று எழுதியிருந்தேன். பிழை. இப்போது எடுத்து வேறிடத்தில் போட்டாலும் வட்டி வரும். அவள் இழப்பது ஆறு வருடச் சம்பளத்தை. அதை எந்தப் பாங்கும் தராது.

சேமலாப நிதியும் சுப்பம்மா பேரில்தான். மூன்று லட்சத்து இருபதாயிரம். நாற்பத்தொரு வருடம் சம்பளத்தில் வெட்டி, கம்பெனி போட்டது, வட்டி எல்லாம் சேர்ந்தது. அதை எடுக்க அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டையில் ஜீவராணி.

இரண்டாவது தாள் அவிசாவளையில் முந்நூற்றி ஐம்பது ரூபாய் கொடுத்துத் தட்டச்சு செய்த சத்தியக் கடதாசி. ஆபீஸில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பேரை மட்டும் சரி பண்ணு, வயதைத் தொடாதே. தொட்டால் பதின்மூன்று வயதில் எப்படிப் பதிந்தார்கள் என்று கிண்டுவார்கள் என்று. சமாதான நீதவான் ஒருவர் கையெழுத்து வைத்தால் சேமலாப நிதிக் காசு வந்துவிடும். பிஸ்கட் டின்னில் இருக்கும் நூற்றி அறுபது பங்கையும் இதே தாளை வைத்து விற்கலாம். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஆபீஸில் கொடுக்க வேண்டும்.

தாளின் நடுவில் இந்த வரி இருந்தது:

"எனது பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் காணப்படும் ஜீவராணி என்பவரும், தோட்டப் பதிவேட்டில் காணப்படும் சுப்பம்மா என்பவரும் இருவர் அல்லர், ஒருவரே."

மேசையில் ஒட்டிய உறை கிடந்தது. அதற்குள் நான்கு பக்கத்தில் நான் எழுதியிருந்ததும் இதைத்தான். நான் எழுதினால் கதை. அவள் எழுதி நான் முத்திரை குத்தினால் பொய்ச் சத்தியம்.

உனக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாளே, இதில் எப்படிக் கையெழுத்து வைப்பது என்று கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டேன். சமாதான நீதவான் குரல் என்று ஒன்று இருக்கிறது. அது தானாக வந்துவிடும்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எங்கக்கா இல்லைன்னு எழுதச் சொல்லித்தான் வந்திருக்கேன். எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா மொத மொத எழுதினது நீங்கதானே ஐயா."

7

இரண்டாம் பகுதியில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தேன். அவசியமில்லை என்று அடைப்புக்குறிக்குள் சொன்னேன். முழு வாக்கியம் இது:

அந்த வருடம் நான் ஆபீஸில் பெரிய கிளாக்கர் இல்லாத ஒரு காலையில், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சொன்ன ஒரே வார்த்தைக்காக, கப்பல் ஏறிப் போன சுப்பம்மா இன்றும் வேலைக்கு வந்தாள் என்று செக்ரோலில் எழுதினேன்.

எனக்கு இருபத்தொரு வயது. நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தேன். நோயாளித் தாயோடு ஒரு பிள்ளை தெருவுக்குப் போகாமல் இருக்கட்டும் என்று. அந்த வாரம் அவர்கள் வீட்டில் இருந்து ஒரு கோழி வந்தது. அதையும் சாப்பிட்டேன்.

அடுத்த நாளும் எழுதினேன். அதற்கடுத்த நாளும். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வேலை நாளும் ஒரு வரி. மழையில் பால் வெட்டு பாதியில் நின்றால் சுப்பம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். காய்ச்சலில் படுத்தது ஜீவராணி, லீவு சுப்பம்மாவுக்கு. ஞாயிறு பத்திரிகையில் ஐந்து கதை என்று பெருமையடித்தேனே, அதற்கு முன்னாலேயே ஒரு பெரிய கதையைத் தொடங்கிவிட்டேன். ஒரு இடத்திலும் என் பேரைப் போடவில்லை. செக்ரோலில் எழுதினவன் பேர் இருக்காது, பேர் போட்ட ஆட்கள்தான் இருப்பார்கள்.

வயது வந்த பிறகு ஜீவராணி இரண்டு தடவை என்னிடம் பேரை மாற்றக் கேட்டாள். முதல் தடவை பார்ப்போம் என்றேன். இரண்டாம் தடவை, இப்போது மாற்றினால் பழையதெல்லாம் கிளறப்படும் என்றேன். கிளறினால் யார் மாட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு ஆபத்து என்று சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

எனக்கு இதை எழுதும்போது கேவலமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

8

இடரைப் பற்றி இன்னும் ஒழுங்காக எழுதவில்லை, சர்மிளா கேட்பார்.

ஜீவராணி போன பிறகு நான் இன்னொரு தாள் எழுதினேன். இது தட்டச்சு இல்லை, என் கையெழுத்து. இதில் சத்தியம் செய்கிறவன் நான். 1968இல் செக்ரோல் கிளாக்கராக இருந்த நான், ஜீவராணி செய்த வேலையைச் சுப்பம்மாவின் பேரில் எழுதினேன். அன்று முதல் அந்தப் பேரில் உழைத்தவர் ஜீவராணியே. அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. என் சத்தியத்துக்கு நானே முத்திரை குத்த முடியாது. டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் அப்துல் ரஸாக்கும் சமாதான நீதவான்தான். கையெழுத்தை வைத்துக்கொண்டு அவரிடம் போக வேண்டும்.

ஞாயிறு பின்னேரம் ஜீவராணி மறுபடி வந்தாள். இரண்டு தாளையும் வாசித்துக் காட்டினேன். சங்கத்து ஆட்களும் கேட்டுக்கொள்ளுங்கள், பாடம் இதுதான்:

முதல் தாளில் கிட்டத்தட்ட நிச்சயமாக மூன்று லட்சத்து இருபதாயிரமும் பங்கின் ஆறாயிரமும் வரும். ஆறு வருட வேலை போய்விடும். அக்கா இல்லாமல் போவாள். இரண்டாவது தாளைக் கம்பெனி ஏற்றுக்கொண்டால் காசும் வரும், ஆறு வருடமும் வரும், சொந்தப் பேரும் வரும். ஏற்காவிட்டால், நாற்பத்தொரு வருடம் உழைத்தது சுப்பம்மா, அவளை வரச்சொல், நீ யார் என்று கேட்பார்கள். கேஸ் நடக்கும், அது எத்தனை வருடம் போகும் என்று யாருக்கும் தெரியாது. குறைவாக, ஆனால் நிச்சயமாக வருவதா? கூடுதலாக வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம் என்பதா? கொழும்பில் பங்கு வாங்கி விற்கிறவர்களுக்கும் கேள்வி இதுதான். இழந்தாலும் மறுநாள் அடுப்பு எரியும் என்ற காசில்தான் இடர் எடுக்கலாம் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. ஜீவராணியிடம் அப்படிப்பட்ட காசு இல்லை.

ஆகவே முதல் தாள்தான் உனக்குப் பாதுகாப்பு என்று முடித்தேன். நன்றாக விளக்கினேன் என்றுதான் நினைத்தேன்.

அவள் இராஜம் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு கேட்டாள்:

"ரெண்டாவது பேப்பர் குடுத்தா உங்களுக்கு என்னாகும் ஐயா?"

சமாதான நீதவான் பட்டம் போகும். வழக்கு வரலாம். அறுபத்திரண்டு வயதில் பொலிசுக்கும் கோட்டுக்கும் நடக்க வேண்டியிருக்கலாம். பேப்பரில் கதை எழுதினவர் செக்ரோலிலும் எழுதினார் என்று டவுனில் சிரிப்பார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மொத பேப்பருக்கு?"

ஒன்றுமில்லை என்றேன். அக்கா இந்தியாவில், யார் தேடப் போகிறார்கள்?

அவள் தலையாட்டினாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்:

"இவ்வளவு நேரமும் எனக்கு என்ன போகும்னு மட்டும் கணக்கு போட்டுக் காட்டுனீங்களே."

அறையில் இருந்து இராஜம் என்னைப் பார்த்தாள். நான் றப்பர் முத்திரையை எடுத்து, மை காய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். காயவில்லை.

9

முடிவுகள்.

அ. நான் முதல் தாளில் கையெழுத்து வைக்கிறேன். செப்டெம்பரில் காசு வருகிறது. ஜீவராணி பாங்கில் போடுகிறாள், வட்டி வருகிறது. சர்மிளாவுக்கு இது பிடிக்கும். தீபாவளிக்கு அக்கா போன் பண்ணும்போது ஜீவராணி என்ன பதில் சொல்வாள் என்பதை மட்டும் எழுத முடியவில்லை.

ஆ. நான் இரண்டாவது தாளோடு இரும்புக்கடைக்குப் போகிறேன். அப்துல் ரஸாக் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுகிறார். கம்பெனி ஏற்றுக்கொள்கிறது, ஜீவராணி மறுபடி மரத்துக்குப் போகிறாள் —

[ஏற்றுக்கொள்கிறது என்று எழுத எனக்கு என்ன உரிமை? வெட்டிவிட்டேன். ஏற்கவில்லை என்று எழுதவும் கை வரவில்லை.]

இ. இரண்டிலும் கையெழுத்து வைக்காமல் எனக்குச் சுகமில்லை என்று படுத்துவிடுகிறேன். நாற்பத்தொரு வருடம் செய்ததுதான் இதுவும். இராஜத்திடம் வாசித்துக் காட்டினேன். "இத எழுதினா இனிமே எனக்கு வாசிச்சுக் காட்டாதீங்க" என்றாள். அதனால் இந்த முடிவு இல்லை.

உறையைக் கிழித்து அந்த நான்கு பக்கத்தையும் அடுப்பில் போட்டாயிற்று. சர்மிளாவுக்கு இந்தத் தாள்களை அனுப்புகிறேன். போட்டால் போடட்டும், ஆயிரத்து ஐந்நூறு வேண்டாம். இதில் வரும் எல்லோருடைய பேரையும் மாற்றியிருக்கிறேன், ஒரு பேரைத் தவிர. அது இன்னும் வரவில்லை.

ஜீவராணி என்ன கேட்டாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் தாள் வேண்டும் என்று நான் கேட்டேன். முடிவை அவள் தலையில் போட்டுவிட்டால் எனக்குச் சுலபம். அவள் இரண்டு தாளையும் பொலித்தீன் பையில் போட்டு மேசையிலேயே வைத்தாள். திங்கள் காலை பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போக வேண்டும், வெட்ட முந்நூறு மரம் இருக்கிறது, பத்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். வாசலில் செருப்பைப் போட்டபிறகு திரும்பினாள்.

"எதுல வச்சாலும் வைங்க ஐயா. அன்னைக்கு என் பேர எழுதல, உங்க பேரையும் எழுதல. இந்தத் தடவ உங்க பேர எழுதுங்க."

இப்போது திங்கட்கிழமை, மணி ஒன்பதே முக்கால். லயத்துப் படிகளில் அவள் இறங்கி வந்துகொண்டிருப்பாள். இரண்டு தாளின் அடியிலும் ஒரே மாதிரிப் புள்ளிக்கோடு இருக்கிறது. ஒன்றின் கீழே பேரை எழுதியாயிற்று, மை இன்னும் ஈரம். எந்தத் தாள் என்று நான் சொல்லமாட்டேன். இவ்வளவு தூரம் என்னோடு வந்திருக்கிறீர்கள். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்கள்.

சின்னத்தம்பி விஜேந்திரன்